ஒற்றைக் கையோடு ஒரு விஞ்ஞானி: ஜேம்ஸ் சம்னர் யார்?

கோழிக் கருவின் சிறுநீரகத்தை மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிரும் சாயம் ஏற்றிய ஒரு விதைப் புரதத்தை அதன்மேல் விடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் சில இடங்கள் பளிச்சென்று ஒளிரும், சில இடங்கள் இருட்டாகவே கிடக்கும். செல்களின் மேல்பூச்சில் எந்தச் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பதற்கான மேப் அது. இப்படிச் சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். அதில் ரொம்பப் பிரபலமானது கான்கனவாலின் ஏ. அதைப் பிரித்தெடுத்தவருக்கு ஒரு கைதான்!

ஜேம்ஸ் சம்னர் 1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேன்டன் என்ற ஊரில் பிறந்தார். 17 வயதில் பறவை வேட்டைக்குப் போனபோது, கூட வந்தவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாக இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கொடுமை என்னன்னா, அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். எழுதுவது உட்பட எல்லாவற்றையும் வலது கையில் புதுசாகப் பழகினார். டென்னிஸ்கூட ஆடினார்.

ஹார்வர்டில் ஆராய்ச்சிக்குச் சேரப் போனபோது பேராசிரியர் ஓட்டோ ஃபோலின், ஒற்றைக் கையோடு வேதியியலில் தேற முடியாது, சட்டம் படிக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சம்னர் நகரவில்லை. 1914-ல் பிஎச்டி முடித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே பாடம் எடுப்பதிலேயே நேரம் போனது. ஆராய்ச்சிக்குக் கருவிகளும் குறைவு. அதனால் சின்னச் சின்ன வேலைகளை விட்டுவிட்டு, ஒரே பெரிய பந்தயத்தில் இறங்கினார். என்சைம் என்பது என்ன பொருள் என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்சைமைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டுவது 1917-ல் அவர் எடுத்த சவால். மூலப்பொருள் ஜாக் பீன் என்ற அவரை விதை. நம்மூர் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தம்.

1919-ல் அதே விதையிலிருந்து கான்கனவாலின் கிடைத்தது. தேடியது கிடைக்கவில்லை. 1921-ல் பெல்ஜியம் போக உதவித்தொகை கிடைத்தும், அங்கிருந்த நிபுணர் ழான் எஃப்ரோன் இந்த யோசனையே கேலிக்கூத்து என்று நினைத்ததால் பயணம் ரத்தானது.

ஒன்பதாவது வருஷம், 1926-ல், விதை மாவை அசிட்டோன் கலந்த தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கக் குளிரில் வடியவிட்டார். வடிந்ததில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குட்டிக் குட்டிப் படிகங்கள்! சோதித்துப் பார்த்தால் அது புரதம்.

உலகம் கைதட்டவில்லை. நோபல் வாங்கிய ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டரின் தரப்பு, புரதம் வெறும் சுமைதாங்கி, என்சைம் வேறு என்று அடித்துச் சொன்னது. 1930-ல் ஜான் நார்த்ராப் பெப்சினையும் படிகமாக்கிய பிறகுதான் காற்று திரும்பியது. 1946 வேதியியல் நோபலில் பாதி சம்னருக்கு. மீதியை நார்த்ராப்பும் வெண்டல் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டார்கள்.

நடுவில் 1936-ல், ஹவல் என்பவருடன் சேர்ந்து பழைய கான்கனவாலினை மறுபடி கையில் எடுத்தார். அது ரத்தச் சிவப்பணுக்களைக் கட்டிகட்டியாகச் சேர்த்தது. கரும்புச் சர்க்கரை சேர்த்தால் அந்த வேலை தடைபட்டது. அப்படியானால் அது செல்லின் மேலுள்ள சர்க்கரையைத்தான் பிடிக்கிறது என்று கணித்தார். இந்த வகைப் புரதங்களுக்கு லெக்டின் என்ற பெயர் வந்ததே 1954-ல்தான். அடுத்த வருஷம் சம்னர் புற்றுநோயால் இறந்தார்.

கோழிச் சிறுநீரகச் சீவலில் தெரிவது நிஜ ஒளியா, சும்மா ஒட்டிய சாயமா? சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் இப்போதும் சர்க்கரை கலந்துதான் பார்க்கிறார்கள்.