ஐடா ஸ்கட்டர் அம்மையார்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது தமிழ்நாட்டு வழக்கு. மகளைப் பேற்றுக்கு அழைத்துவரும் தாய் ஒரு கண்ணில் மகிழ்ச்சியும் மறு கண்ணில் அச்சமும் கொண்டே அழைத்துவருவாள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வச்சத்திற்குப் போதிய காரணம் இருந்தது.

அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டம் பரந்து கிடந்தது. அதன் வடபால் திண்டிவனம். தென்பால் வெள்ளாற்றங்கரையில் இராகவேந்திரர் பிறந்த ஊராகிய புவனகிரி. ஆற்றுக்கு அப்பால் சிதம்பரம். இவ்வூர்களிலும் இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பேறு பார்த்தவள் மருத்துவச்சியே. அவள் தொழிலைத் தாயிடமோ மாமியிடமோ கண்டும் கேட்டும் கற்றவள், அனுபவம் மிக்கவள், நள்ளிரவில் அழைத்தாலும் மறுக்காதவள். குழந்தை தலைகீழாக முறையாய் இறங்கி வரும்வரை அவள் கைத்திறன் போதுமானதாயிருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலும், உதிரம் நில்லாது பெருகினாலும், தாய்க்கு வலிப்பு கண்டாலும் அவள் செய்வதறியாது திகைத்தாள். கழுவாத கையினாலும் துருப்பிடித்த கத்தியினாலும் நஞ்சு புகும் என்பதை அவளுக்கு எடுத்துரைப்பார் இல்லை. இதற்கு அவளை மட்டும் குறை கூறுதல் முறையன்று. ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பேறு பார்க்குமுன் கைகளைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்று 1847ஆம் ஆண்டில் வற்புறுத்தியபோது, கற்றறிந்த மருத்துவர்களே அவரை எள்ளி நகையாடினர்.

இத்தகைய நாளில் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா ஸ்கட்டர் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டு யாழ்ப்பாணத்திற்கு வந்து மருத்துவமும் சமயப்பணியும் ஆற்றியவர். பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவரே. ஆயினும் ஐடா இளமையில் இவ்வழியை விரும்பினார் அல்லர். 1877ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற குழந்தைகளை அவர் கண்டிருந்தார். அத்துயரக் காட்சிகளினின்று விலகி அமெரிக்காவில் இன்பமாய் வாழ வேண்டும் என்பதே அவர் எண்ணம். அங்குக் கல்வி பயின்றுகொண்டிருந்த அவர், நோயுற்ற அன்னையாரைப் பேணும் பொருட்டு 1890இல் திண்டிவனம் வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடுவதென்றே வந்தார்.

ஓர் இரவு அவர் தனியே அமர்ந்திருந்தபோது அந்தணர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். தம் இளம் மனைவி பேற்றுநோவால் துடிப்பதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைக் காண்பதினும் அவள் இறப்பதே மேல் என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவர் வேண்டுகோளும் அதுவே, மறுமொழியும் அதுவே. மூன்றாவதாக மற்றோர் இந்துப் பெருமகனும் வந்து அவ்வாறே வாடிய முகத்துடன் மீண்டார். ஐடாவுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் சாவுப்பறை கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அம்மூன்று கணவரும் கல்நெஞ்சர் அல்லர். மனைவியர்மேல் அன்பில்லாதவர் இருளில் உதவி தேடி அலைந்திரார். வழக்கம் அவர்தம் கைகளைக் கட்டியிருந்தது. வழக்கத்தை ஒரே நாளில் மாற்றுதல் இயலாது. பெண்ணொருத்தி மருத்துவம் கற்றுவருதல் இயலும். அன்று காலையிலேயே ஐடா தம் முடிவைப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

பெண்கள் மருத்துவம் பயில்வது அக்காலத்தில் முற்றும் புதிதன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டது. அவருள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அம்மையார் முயன்று 1885இல் நிறுவிய மகளிர் மருத்துவமனையே சென்னை மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்குவது. ஆனால் சென்னையில் ஏற்றிய விளக்கின் ஒளி திண்டிவனத்திற்கோ புவனகிரிக்கோ எட்டவில்லை.

ஐடா 1895இல் பிலடெல்பியா நகரத்து மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகம் மகளிரை ஏற்றபோது அங்குச் சென்று 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவமனை எழுப்பப் பொருள் வேண்டுமே! அவர் ஒரு வீட்டில் நிதி வேண்டிப் பேசிக்கொண்டிருந்ததை அடுத்த அறையில் இருந்த முதியவர் ஒருவர் கேட்டார். அவர் ஷெல் என்னும் வங்கித் தலைவர். மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் அளித்தார்.

1900ஆம் ஆண்டில் ஐடா இந்தியா திரும்பினார். சில திங்களில் தந்தையார் காலமானார். அவரிடம் தொழில் பழகலாம் என்றிருந்த மகளுக்கு அது பேரிடி. வேலூரில் தம் வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். முதலில் மக்கள் அஞ்சினர். சலோமி என்னும் பெண்மணி ஒருத்தியே அவருக்குத் துணை. நாளடைவில் கூட்டம் பெருகிற்று. 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. பின்னர், மருத்துவமனைக்கு வர இயலாதவரைத் தேடி ஊர் ஊராகச் சென்று, சாலையோர மரநிழலிலேயே மருத்துவம் செய்தார்.

எத்துணை விரைந்து உழைத்தாலும் இரண்டு கைகள் எத்தனை பேரைக் காக்கும்? ஆதலின் தமக்குத் தெரிந்ததைப் பல நூறு பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அம்மையார் கருதினார். 1909இல் செவிலியர் பள்ளி தோன்றியது.

பேறுகாலத் துணைவியாக விரும்பும் பெண் கற்க வேண்டியவற்றுள் முதலாவது, கருவுற்றவள் நோயாளி அல்லள் என்பதே. கருவுறுதல் இயற்கை. ஆயினும் இயற்கை எப்பொழுது நெறி பிறழ்கிறது என்று உணர்வதற்கு, நெறிப்பட நிகழ்வது எவ்வாறு இருக்கும் என்பதைத் தெள்ளத் தெளிய அறிந்திருத்தல் வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஒன்பது திங்களும் ஏழு நாளும் கூட்டிப் பேறு நாளைக் கணித்தல். திங்கள்தோறும் வயிற்றின் உயரத்தை அளந்து குழந்தை வளர்வதைத் தெரிதல். வயிற்றின்மேல் கைவைத்து, உருண்டு கடினமாயிருப்பது தலை, மெத்தென்றிருப்பது பிட்டம் என்று தடவி அறிதல். சிறிய குழல் ஒன்றை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணுதல் ஆகியவற்றைப் பழகுதல் வேண்டும். அத்துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருத்தல் இயல்பு. தாயின் துடிப்பினும் அது மிக விரைவானது. அதனை முதன்முதல் கேட்கும் மாணவி வியப்பெய்தாதிருக்க முடியாது.

காலில் சிறிது வீக்கம் காண்பது பலருக்கும் உண்டு. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. முகமும் கையும் வீங்கித் தலைவலியும் கண்மங்கலும் சேருமாயின் வலிப்பு அணித்தே உள்ளது என்று அறிந்து காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கீழ் இமையை விலக்கிப் பார்த்து அது வெளுத்திருப்பின் குருதிக் குறைவு என்று கொள்ள வேண்டும். குழந்தை பெருத்தால் பேறு கடினமாகும் என்று அஞ்சித் தாய்க்கு உணவைக் குறைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அவ்வீட்டுப் பாட்டியோடு பகைத்துக்கொள்ளாமலே கீரையும் பயறும் கேழ்வரகும் முட்டையும் மீனும் தாயின் கலத்தில் சேருமாறு செய்வது எளிதன்று. அதனையும் கற்க வேண்டும். பேற்றுநேரத்தில் நகம் களைந்து கைகளைச் சோப்பினால் நன்கு கழுவுதல், கத்தரியையும் நூலையும் கொதிநீரில் இட்டு எடுத்தல், அதன்பின் பதறாமல் காத்திருத்தல். இழுத்தும் அழுத்தியும் விரைவுபடுத்துவதால் விளைந்த கேடுகள் பல. காத்திருக்கக் கற்பதுதான் இவையெல்லாவற்றினும் அரிது.

செவிலியர் மட்டும் போதார். பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று அம்மையார் துணிந்தார். மகளிர் மருத்துவப் பள்ளிக்கு அரசினரிடம் இசைவு வேண்டியபோது, மூன்று பெண்களாவது விண்ணப்பிப்பார்களோ என்று மருத்துவத்துறைத் தலைவர் ஐயுற்றார். விண்ணப்பங்களோ வந்து குவிந்தன. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. முதலாண்டுத் தேர்வில், மாகாணத்தில் எழுதிய ஆடவருள் ஐந்தில் ஒரு பங்கினரே தேறினர் என்பர். வேலூரிலிருந்து தேர்வெழுதிய பெண்களோ ஒருவர் விடாமல் தேறினர். 1922இல் பதினால்வர் மருத்துவராகி வெளியேறினர்.

1938ஆம் ஆண்டளவில் இத்தகைய பள்ளிகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளாக உயர வேண்டும் என்ற விதி வந்தது. எழுபதை நெருங்கிய வயதில் அம்மையார் மீண்டும் நிதி திரட்டப் புறப்பட்டார். கல்லூரி நிலைத்தது. 1947 முதல் ஆடவரும் அங்குப் பயிலலாயினர். 1946இல் நாட்டின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளுள் ஒன்றும் அங்கே தொடங்கிற்று.

இந்தியா, டாக்டர் ஐடா என்று மட்டும் முகவரி எழுதிய மடல் ஒன்று தவறாது வேலூர் வந்து சேர்ந்தது என்று கூறுவர்.

தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டது. திண்டிவனம் இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. புவனகிரி கடலூர் மாவட்டத்தில் உள்ளது. புவனகிரியிலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் எட்டும் சிதம்பரத்தில் 1985ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி ஒன்று தோன்றியது. அங்கே பெண்கள் பலர் மருத்துவம் பயில்கின்றனர்; பேற்றுக்கு வரும் தாயைத் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண்களாகவே உள்ளனர்.

ஐடா அம்மையார் 1946இல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே திங்களில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் அங்கேயே மறைந்தார். இறுதிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.