ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டன்

நம் கல்லூரி மாணவருள் சித்திரம் வரைவதில் விருப்பமுடையார் சிலர், சென்ற ஆண்டின் இறுதியில், தாம் ஓய்வு நேரங்களில் வரைந்த விலங்குப் படங்களைக் கொணர்ந்து ஒருவர்க்கொருவர் காட்டிக் குணமுங் குற்றமும் ஆராய்ந்தனர். டைனோசர் என்னும் பேருருவப் பல்லியினம் வரைந்தவர் இருவர். யானை வரைந்தவர் பலர். கம்பம் பள்ளத்தாக்கினின்றும் வந்த மாணவர் ஒருவர் வரையாட்டை வரைந்திருந்தார். பாறையும் மேகமும் மிக நன்றாக அமைந்திருந்தன. ஆயின், கொம்புகளில் வரிசை வரிசையாகக் கணுக்கள் புடைத்து நின்றன. அது ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ் என்னும் ஆடேயன்றி நம் மேகமலை வரையாடு அன்று என ஒருவர் சொல்லக் கூட்டம் நகைத்தது. அம்மாணவர் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். அங்கிருந்த நாம் அப்பொழுது ஒன்றும் பேசாதிருந்தமை நமக்கே பிறகு உறுத்திற்று. அப்பிழைக்கு மூலம் அம்மாணவரல்லர்; ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இம்மலைகளில் துப்பாக்கியும் எழுதுகோலுமாகத் திரிந்த ஆங்கிலேயர் வழங்கிய பெயரே அதற்கு மூலம். அவருள் ஒருவரது சரித்திரத்தை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

டக்ளஸ் ஹாமில்டன் 1818-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதி இங்கிலாந்திற் பிறந்தார். ஹாரோ பள்ளியிலும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைத்தலைவர்களைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கலாசாலையிலும் கற்று, 1837-இல் சென்னைப் படையின் 21-ஆவது சுதேசக் காலாட்படையிற் சேர்ந்தார். படைவேலையில் அவர் செய்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவது அதிகமில்லை. அவர் உள்ளம் காட்டில் இருந்தது. பின்னர், டாக்டர் கிளெகார்ன் என்னும் தாவர நூல் வல்லார்க்குத் துணைவராய் ஆனைமலைக் காடுகளின் மேற்பார்வையை ஏற்றார். அங்குள்ள தேக்குமரம் கப்பல் கட்டுவோர்க்கு இன்றியமையாததாயிருந்த காலம் அது.

1857-ஆம் ஆண்டுக் கலகத்தின் பின்னர் வெள்ளைச் சிப்பாய்களின் தொகை இந்நாட்டில் மிகுந்தது. சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் அவர்கள் மடிவதைக் கண்ட அரசாங்கத்தார், உதகமண்டலம் போன்ற வேறு மேட்டுநிலங்கள் தென்னாட்டில் உண்டோ எனத் தேடத் தொடங்கினர். அம்மலைகளை நேரிற் பார்த்துப் படம் வரைந்து அறிக்கை தருமாறு 1862-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாமில்டன் நியமிக்கப்பெற்றார். புகைப்படக் கருவி அந்நாளில் இருந்ததுதானே எனிற் கூறுவோம்: கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்கூடாரத்தில் கழுவியாக வேண்டும். அவ்வளவையும் கூலியாட்களின் தலையிலேற்றி மலைமுகடுகளில் அலைவதினும், பென்சிலும் காகிதமும் உடைய ஒருவரை அனுப்புவதே எளிதாயிருந்தது.

அங்ஙனம் அவர் வந்த மலைகளுள் ஒன்று நம் பழனிமலை. இன்றைய தேனி மாவட்டம் 1996-இல் தனியே பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பு மதுரை ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. அக்காலத்தில் கொடைக்கானலுக்கு ஏறுவோர் பலர் பெரியகுளம் வந்து, அதனையடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ டோலியிலோ செங்குத்தான பாதை வழியே ஏறினர். அமெரிக்க மிஷனரிமார் 1845-இலேயே அங்கு வீடு கட்டியிருந்தனர். லெவிஞ்சு துரை ஏரி அமைத்தது 1863-இல். ஹாமில்டன் அவ்வளவில் நில்லாது மேற்கே நெடுந்தூரம் சென்று, இன்று பேரிஜம் ஏரி விளங்கும் பக்கத்தை ஆராய்ந்தார். அவர் பெயரால் அவ்விடம் ஹாமில்டன் கோட்டை எனப்படுகின்றது. மதிலும் பீரங்கியும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். அங்கே கோட்டை யாதுமில்லை. பழனிமலைச் சித்திரங்கள் 1864-இல் நூலாக வெளிவந்தன. 1862 மே மாதத்தில் ஆனைமுடியின் உச்சியை அவர் அடைந்தார். 2,695 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தில் மனிதர் ஏறியதாகப் பதிவுற்ற முதற்செய்தி அதுவே. அவருக்கு முன் மலைவாசிகள் ஏறவில்லை என்பது அதற்குப் பொருளன்று. காடரும் பளியரும் முதுவரும் வழிகாட்டாமல் எத்துரையும் அந்நாளில் இம்மலைகளுள் நெடுந்தூரம் சென்றாரல்லர். விலங்கின் நடையையும் மேய்ச்சலையும் அவர்களே நன்கறிந்தார்கள். அவ்வறிவு காகிதத்தில் ஏறவில்லை.

இனி அவர்தம் ஓவியத்தின் தன்மை. அவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். நம் மாணவரைப் போல விருப்பத்தால் வரைந்தவர். மலைக்காட்சிகளே அவர் கைக்கு இசைந்தன என்பது நம் கருத்து. சரிவின் சாய்வும் முகட்டின் வரிசையும் பிழைபடின், பின்னர் வரும் எஞ்சினீயர் வழி தவறுவார். ஆதலின் அழகுக்காக மலையை உயர்த்தும் சுதந்திரம் அவருக்கில்லை. விலங்குகளையோ அவர் பெரும்பாலும் வேட்டைக்காரர் கண்ணாலேயே கண்டார். வரையாடும் காட்டுமாடும் யானையும் அவர் துப்பாக்கிக்கு இரையாயின. கொம்பின் வளைவையும் மயிரின் நிறத்தையும் கையால் தொட்டு அறிந்தமையால் உறுப்புக்களைப் பற்றிய அறிவு அவருக்குத் திண்ணமாய் இருந்தது. அவ்வறிவு பெற்ற வழியை நம்மாற் புகழ இயலவில்லை. வேட்டைக்கு வரம்பு கட்டிய நீலகிரிச் சட்டமே 1879-இல்தான் வந்தது. வரையாட்டைக் கொல்வதை முற்றிலும் தடுத்த சட்டம் வர 1972 ஆயிற்று. இன்று உலகில் எஞ்சியுள்ளவை ஏறக்குறைய 3,000.

பெயரால் நேர்ந்த மயக்கம் வேறு. அவரும் அவர் தோழரும் வரையாட்டை ஐபெக்ஸ் என்றும், காட்டுமாட்டைப் பைசன் என்றும் வழங்கினர். இரண்டும் தவறு. வரையாட்டின் கொம்பு பின்னோக்கி வளைந்து நெருங்கிய சுருக்கங்களோடு செல்லும். ஐபெக்ஸின் பெருங்கணுக்கள் அதற்கில்லை. முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் இட்டாற்போல் வெளிறிய நிறம் படரும். அது செம்மறியினத்திற்கே நெருங்கிய உறவுடையதென்பதை 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது. ஆங்கிலேயரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. காட்டுமாட்டை நாமே காட்டெருமை என்கின்றோம். அது எருமையினம் அன்று. ஆமா, வருடை என நம் முன்னோர் பிரித்தறிந்து வைத்த பெயர்கள் நம்மிடையே வழக்கொழிந்தன.

பெயரறிவும் உறுப்பறிவும் இருந்தும் அறிஞர் பிழைத்ததுண்டு. 1854-இல் லண்டனையடுத்த சிடன்ஹாமில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்பார் இகுவானோடான் என்னும் டைனோசருக்குப் பேருருவம் சமைத்து, அதன் மூக்கின்மேல் ஒரு கொம்பை வைத்தார். 1878-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்ட பின்னரே, அக்கொம்பு உண்மையில் கட்டைவிரலின் முள்ளென்பது உறுதியாயிற்று. அவ்வுருவம் மூக்குக் கொம்புடனேயே இன்றும் அங்கே நிற்கின்றது. எவரும் கண்டிராத விலங்கைச் சமைத்தவர்க்கு மன்னிப்பு எளிது. நம் மலையில் மேயும் விலங்கை அயல்நாட்டுப் படம் பார்த்து எழுதுவோர்க்கு அவ்வளவு எளிதன்று. எனினும் நகைப்பு அதற்கு மருந்தாகாது.

ஹாமில்டன் 1871-இல் வேலையினின்றும் ஓய்வு பெற்றார். 1892 ஜனவரி 20-ஆம் தேதி காலஞ்சென்றார். அவர் எழுதி வைத்த வேட்டைக் குறிப்புக்களை, அவரே வரைந்த படங்களோடு, உடன்பிறந்தார் எட்வர்டு ஹாமில்டன் அவ்வாண்டிலேயே லண்டனில் வெளியிட்டார். ஆனைமலை, நீலகிரி, பழனிமலைகளின் அக்கால நிலையை அறிய விரும்புவார் இன்றும் அதனை நாடுகின்றனர்.

அன்று சுருட்டப்பட்ட படம் மண்டபத்து மேசைமேல் கிடந்தது. அதனை எடுத்து வைத்துள்ளோம். விடுமுறை கழிந்து அம்மாணவர் வரும்பொழுது, கொம்பு ஒழிய மற்றவை சரியென்று சொல்லித் திருப்பித் தருவோம். மேகமலைப் பக்கத்தில் இரவங்கலாற்றுக்கு அப்பால் தாமே வரையாட்டைக் கண்டதாக அவர் முன்பொருமுறை கூறியது நினைவில் இருக்கின்றது. கண்டவர் ஏன் பிறர் படத்தைப் பார்த்து எழுதினார் என்பதையும் கேட்கவேண்டும்.