தருமானந்த கோசாம்பியார்: துறவும் இல்லறமும்

புனே நகரத்துப் பெர்குசன் கல்லூரியைப் பற்றிக் கேள்வியுறாதார் அரியர். 1885-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரியில், 1912 முதல் 1918 வரை பாலி மொழி பயிற்றிய ஆசான் ஒருவர் இருந்தார். அவர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளிப் படிப்பையேனும் முறையாக முடித்தவர் அல்லர். ஆயினும் கடல் கடந்த அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை நான்கு முறை அழைத்துக்கொண்டது. தருமானந்த தாமோதர கோசாம்பி என்னும் அப்பெரியாரின் பெயரை நம் தமிழ் உபாசகர்களுள் சிலரேனும் கேட்டிருப்பர். அவருடைய வாழ்க்கையை அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் அதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

அவர் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில், சங்க்வால் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்திற்குத் தென்னந்தோப்பு உண்டு, செல்வம் இல்லை. இளமையிலேயே உடல் நலிவுற்றவர்; உள்ளச் சோர்வும் அவரை அடிக்கடி பற்றியது. தோப்பைக் காப்பதும், கைக்குக் கிடைத்த மராத்தி நூல்களைப் படிப்பதுமாக நாள்கள் கழிந்தன. 1891-இல் பாலாபாய் என்னும் சிறுமியை அவருக்கு மணம் செய்வித்தனர். அக்காலத்து வழக்கம் அது.

சிறுவர்களுக்கென வெளிவந்த மராத்தி இதழ் ஒன்றில் பகவன் புத்தரைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவர் படித்தார். ஒரு சிறு கட்டுரைதான்; அதுவே அவர் வாழ்க்கையின் திசையை மாற்றிற்று. புத்த தம்மத்தைக் கற்றே தீர வேண்டும் என்னும் வேட்கை மூண்டது. கோவாவில் கற்பிப்பார் எவருமில்லை. 1899-ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அவ்வாண்டின் இறுதியில், இளம் மனைவியையும் மாணிக் என்னும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, இருபத்து மூன்று வயதினராகிய அவர் புனே நகருக்குப் புறப்பட்டார்.

இவ்விடத்தில் சற்றே நிற்போம். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இத்தகைய செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவர். பெருமைக்குரிய துறவு என்று புகழ்ந்தும் விடுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து, பகலில் எழுத்துக் கூட்டித் தம்ம நூல்களைப் படித்த நமக்கு, கூலி வீட்டுக்கு வாராத ஒரு வாரம் எப்படியிருக்கும் என்பது தெரியும். கணவன் வாராத ஏழாண்டு ஒரு பெண்ணுக்கு எப்படியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டும். கோசாம்பியார் கற்றவை பெரிது. அக்கல்விக்கான விலையில் ஒரு பங்கைப் பாலாபாய் அம்மையார் செலுத்தினார்.

புனேயில் இராமகிருஷ்ண கோபால பண்டார்கர் என்னும் பேரறிஞரை அடைந்து சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். அங்கிருந்து குவாலியர் வழியாகக் காசிக்குச் சென்றார். அங்கே அன்னசத்திரத்துச் சோறே உணவு. இலக்கணப் பாடமே பொழுது. புத்தர் பிறந்த திசையில் தம்மம் வாழும் என்று நம்பி நேபாளம் சென்றார். காத்மண்டுவில் கண்ட நிலை அவருக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. பின் புத்தகயைக்கு வந்து, இலங்கைக்குப் போனால்தான் பாலி கற்கலாகும் என அறிந்து, 1902-இல் கொழும்பை அடைந்தார். வித்தியோதயப் பிரிவேனையில் சுமங்கல மகாநாயக தேரரிடம் சாமணேரராகித் திரிபீடகம் பயின்றார்.

நம்மவர்க்கு உவகை தரும் செய்தி ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கையினின்று மீண்ட கோசாம்பியார் சென்னையில் சில காலம் தங்கினார். மகாபோதி சங்கத்தின் பணியைச் சென்னையில் நடத்திவந்த ம. சிங்காரவேலர் அவருக்குத் துணை நின்றார். பிற்காலத்தில் தொழிலாளர் தலைவராக விளங்கிய அதே சிங்காரவேலர்தாம். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் அந்நாளில் இளம்பருவத்தில் இருந்தது. பின்னர் கோசாம்பியார் பர்மா சென்று பிக்குகளிடையே தியானம் பயின்றார். திரும்பி வந்து இராசகிருகம், சிராவத்தி, லும்பினி, குசிநகரம் ஆகிய தலங்களைப் பெரும்பாலும் கால்நடையாகவே கண்டார்.

1906-ஆம் ஆண்டில் அவர் சீவரத்தைக் களைந்து உபாசகராயினார்; அவ்வாண்டே கோவாவுக்குச் சென்று மனைவியையும் மகளையும் கண்டார். கைக்குழந்தையாக விட்டுச் சென்ற மகளுக்கு அப்போது ஏழு வயது. தந்தையின் முகத்தை அவள் முதன்முதல் அறிந்தது அப்போதுதான். 1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் மகன் பிறந்தான். பாட்டனார் பெயராகிய தாமோதர் என்பதையே குழந்தைக்கு இட்டனர். மனோரமா, கமலா என்னும் பெண் மக்கள் இருவர் பின்னர்ப் பிறந்தனர்.

கற்ற பாலியைக் கற்பிக்கும் வாய்ப்பு முதலில் கல்கத்தாவில் கிட்டியது. ஆயினும் தம் மராத்தி மக்களுக்குத் தம் மொழியில் புத்த தம்மத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பதே அவர் உள்ளத்தின் வேட்கை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் திங்களுக்கு 50 ரூபாய் உதவ முன்வந்தார். மகாராட்டிரத்தில் ஏதேனும் ஓர் ஊரில் தங்கி, ஆண்டுக்கொரு நூல் எழுதித்தர வேண்டும் என்பதே நிபந்தனை. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 250 ரூபாய் தர இசைந்தும் அவர் 50 ரூபாயையே ஏற்றார். இதனை அறிந்தோர் அவருடைய தியாகத்தைப் பாராட்டுவர். நாம் அவர் வீட்டு அடுப்பையும் நினைக்கிறோம். 200 ரூபாய் குறைந்தது அவருக்கு மட்டும் அன்று.

1910-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் வூட்ஸ் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். ஹென்றி கிளார்க் வாரன் என்னும் அறிஞர் விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்கத் தொடங்கி, முடிக்காமலே 1899-இல் இறந்துபோனார். அப்பணியை நிறைவேற்றக் கோசாம்பியாரே தக்கவர் எனக் கண்டனர். ஆனால் அங்கு மேற்பார்வை செய்த பேராசிரியர் லான்மனுக்கும் அவருக்கும், உழைப்புக்குரிய பெயர் எவருக்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு முற்றியது. உழைத்தவன் பெயர் மறைவதும், மேலிருப்பவன் பெயர் முன்நிற்பதும் ஆலைத் தொழிலாளிக்குப் புதுமையன்று; பல்கலைக்கழகத்திலும் அதுவே வழக்கம் போலும்! கோசாம்பியார் பணியை விட்டு 1912-இல் நாடு திரும்பினார்.

அதன் பின்னரே புனே வாழ்க்கை. மனைவி மக்களோடு ஒரே கூரையின்கீழ் அவர் நிலையாக வாழ்ந்த நீண்ட காலம் அந்த ஆறாண்டுகளே எனலாம். மாணவர்களுக்குப் பாலி கற்பித்தார், பி. வி. பாபட் போன்ற அறிஞர்கள் அவரிடம் பயின்று உருவாயினர். 1956-ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தியின்போது இந்திய அரசு வெளியிட்ட 2500 ஆண்டுப் பௌத்த வரலாற்று நூலைத் தொகுத்தவர் இந்த பாபட் அவர்களே. 1914-இல் கோசாம்பியார் பகவரின் வரலாற்றைப் பழங்கதைகளோடு சேர்த்து மராத்தியில் நூலாக்கினார்.

1918-இல் ஹார்வர்டு மீண்டும் அழைத்தது. மனம் புண்பட்டுத் திரும்பிய அதே இடத்திற்கு, அதே பேராசிரியரிடம், அவர் மீண்டும் சென்றார். நூல் முடிய வேண்டும் என்பதொன்றே அவர் கருத்து. இம்முறை மாணிக்கையும் தாமோதரையும் உடன் அழைத்துச் சென்றார். கைக்குழந்தையாக விட்டுச் செல்லப்பட்ட மாணிக் அங்கே ராட்கிளிப் மகளிர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பெண்ணுக்கு மேற்படிப்பு எதற்கு என்று பெருங்குடியினரே கேட்ட காலம் அது. தந்தையார் தம் கடனை இவ்வழியே அடைத்தார் என்று நாம் கருதுகிறோம். பாலாபாய் அம்மையாரோ, இளைய பெண்களோடு இந்தியாவிலேயே இருந்தார். அந்தக் கடன் அவ்வளவு எளிதில் அடையவில்லை.

1922-இல் திரும்பியவர், 1926-லும் 1931-லும் மீண்டும் சென்று விசுத்திமக்கப் பணியைத் தொடர்ந்தார். எழுதிய புத்தகோசாசாரியர் நமக்கு அயலார் அல்லர். அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தமை அவருடைய உரையினாலேயே தெரிகிறது. அவர் வடநாட்டுப் பிராமணர் என்னும் பழங்கதையைக் கோசாம்பியார் மறுத்து, தென்னாட்டவரே என வாதித்தார். விசுத்திமக்கத்தில் மெத்தை எனப்படும் அன்பைப் பயிலும் முறை விரிவாகக் கூறப்படுகிறது. முதலில் தன்னிடத்து அன்பு, பின் போற்றத்தக்க ஆசானிடத்து, அதன்பின் உயிர் நண்பனிடத்து, பின் விருப்பும் வெறுப்பும் இல்லாதவனிடத்து, இறுதியில் பகைவனிடத்து. பகைவனை நினைக்குந்தோறும் சினம் எழுந்தால், மீண்டும் முன்னைய படிக்கு வந்து பயில வேண்டும். தனக்கும் நண்பனுக்கும் அயலானுக்கும் பகைவனுக்கும் இடையே உள்ள எல்லை அழியும் வரை இப்பயிற்சி நீளும். இந்த ஏட்டின் ஒவ்வோர் எழுத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுத் திருத்தியவர், பெயருக்காகப் பிணங்கிய இடத்திற்கே திரும்பிச் சென்றதில் வியப்பில்லை.

நாட்டுப் பணியிலும் அவர் பின்வாங்கவில்லை. 1929-இல் சோவியத் நாட்டு லெனின்கிராடு சென்று வந்தவர், 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். 1937-இல் பம்பாய்ப் பரேல் பகுதியில் பகுஜன விகாரையை அமைத்தார். பரேல் ஆலைகளின் ஊர். சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நிறையும் இடம். கட்டடத்திற்குப் பொருள் தந்தவர் பிர்லா குடும்பத்தார். மலபார் குன்றில் மாளிகைகளினிடையே ஒரு விகாரை கட்டியிருக்கலாம். அவர் பஞ்சுத் தூசி படிந்த மக்களின் நடுவிலேயே கட்டினார். ஆலையில் நூலிழை பிணைத்த கைகளுடைய நாம் இதனை நன்றியோடு எழுதுகிறோம்.

இனி, அவருடைய வாழ்வின் நடுவே நின்ற வினாவுக்கு வருவோம். நாம் தம்மப் பேச்சு நிகழ்த்தும் இடங்களிலெல்லாம் உபாசிகைகள் தவறாமல் கேட்கும் வினாவும் அதுவே. உறங்கும் மனைவியையும் பிறந்த குழந்தையையும் விட்டு நள்ளிரவில் நீங்குதல் அறமாகுமோ என்று யசோதரைக்காக அவர்கள் கேட்கின்றனர். அம்மணிகள் கேட்பது நியாயமே.

1940-ஐ ஒட்டி வெளிவந்த பகவான் புத்தர் என்னும் மராத்தி நூலில், கோசாம்பியார் இக்கதையை ஆராய்ந்து தள்ளினார். மஜ்ஜிம நிகாயத்து அரியபரியேசன சூத்திரத்தில், தாய் தந்தையர் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்க, அவர்கள் முன்பாகவே முடி களைந்து புறப்பட்டதாகப் பகவரே கூறுகின்றார். திருட்டுத்தனமான நள்ளிரவுப் பயணம் அங்கே இல்லை. முதியவன், நோயாளி, பிணம் ஆகியோரைக் கண்டதால் வந்த துறவு என்பதையும் அவர் ஏற்கவில்லை. உறவினர் ஒருவரையொருவர் ஆயுதமேந்தி எதிர்ப்பதைக் கண்டு உள்ளம் நடுங்கியதே காரணம் எனச் சுத்தநிபாதத்தைக் கொண்டு காட்டினார். ரோகிணி ஆற்று நீர் பற்றிச் சாக்கியரும் கோலியரும் பூண்ட பகையை அதனோடு பொருத்தினார். பாபாசாகிப் அம்பேத்கர் 1957-இல் வெளிவந்த தம் நூலில் இப்பகையையே துறவுக்குக் காரணமாக வைத்தார் என்பதும், அதில் சித்தார்த்தர் யசோதரையிடம் எடுத்துச்சொல்லி, அவள் இசைவோடே நீங்குகிறார் என்பதும் நம்மவர் அறிந்தவையே.

1914-இல் பழங்கதையோடு எழுதிய அதே கைதான் கால் நூற்றாண்டுக்குப் பின் அதனைத் திருத்தி எழுதிற்று. ஆராய்ச்சி முதிர்ந்ததால் நேர்ந்த மாற்றம் என்று அறிஞர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இளமையில் மனைவியையும் குழந்தையையும் விட்டுச் சென்ற ஒருவர், முதுமையில் அமர்ந்து, நம் பகவர் அவ்வாறு சென்றவர் அல்லர் என்று நிறுவியபோது, ஏட்டை மட்டுமா பார்த்திருப்பார்? பாலாபாய் அம்மையாரின் முகமும் அவர் முன் நின்றிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அவருடைய முடிவு நமக்கு முற்றும் உடன்பாடானது அன்று. உடல் நலிந்து, பிறருக்குச் சுமையாதல் ஆகாது என்று கருதி, சமண முனிவர்களின் முறையை ஒட்டி உணவைத் துறக்க முற்பட்டார். ஒருமுறை காந்தியடிகள் தடுத்துப் பார்த்தார். இறுதியில் வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், 1947-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் உயிர் நீத்தார். மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்தியடிகள் அவரைப் போற்றிப் பேசினார். ஆறாண்டு உடலை ஒறுத்துப் பார்த்து, அது வழியன்று எனக் கண்டு சுஜாதை தந்த பாற்சோற்றை உண்டவர் பகவர். நலிந்தவரைப் பேணுதல் சுமையன்று. அதுவும் உறவின் பகுதியே. இப்பெரியார் இக்கருத்துக்கு இடங்கொடுத்து, மக்கள் கையால் ஒரு வாய் கஞ்சி குடித்துச் சில ஆண்டுகள் இருந்திருக்கலாகாதா என்று நம் மனம் வருந்துகிறது.

தேவநாகரி எழுத்தில் அவர் பதிப்பித்த விசுத்திமக்கம் 1940-இல் பம்பாயில் வெளிவந்தது. வாரன் தொடங்கிய ஹார்வர்டுப் பதிப்போ, கோசாம்பியார் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1950-இல் அச்சேறியது. தலைப்புப் பக்கத்தில் வாரன் பெயரோடு கோசாம்பியாரின் பெயரும் நிற்கிறது. மகன் தாமோதர் கோசாம்பி கணித அறிஞராகவும் வரலாற்றறிஞராகவும் உலகப்புகழ் பெற்றார். தந்தையார் கற்பித்த அதே பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1966-இல் புனேயிலேயே மறைந்தார். தருமானந்தர் தம் வாழ்க்கையை நிவேதனம் என்னும் பெயரில் மராத்தியில் எழுதிவைத்தார். 1924-இல் அது நூலாயிற்று. அதனை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தாமோதரின் மகளாகிய மீரா கோசாம்பி. இந்தியப் பெண்களின் வாழ்வை ஆராய்வதில் தம் ஆயுளைச் செலவிட்டவர் அவர். பாட்டனார் வீட்டை விட்டுப் புறப்பட்ட அதிகாரத்தைப் பேத்தியின் கை மொழிபெயர்த்தது.