எல்லைக்காக வாதாடிய வக்கீல்

பாறசாலையிலிருந்து தெற்கே பஸ்ஸில் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழகம் தொடங்குகிறது. அந்த எல்லை அங்கே அமையப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் மார்ஷல் ஏ. நேசமணி.

விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895-ல் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று நாகர்கோவிலில் வக்கீலானார். அக்காலத்தில் அங்குள்ள கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. அவர் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராகி, தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரினார். முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியில் வென்று லோக்சபைக்குச் சென்றார். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் போராடியவர்கள் பலியாயினர்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் குமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதியும் தமிழகம் சேர்ந்தது. ஆனால் தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றது. வழக்கில் பாதி வெற்றி.

1962, 1967 தேர்தல்களிலும் வென்ற அவர், எம்.பி.யாக இருக்கும்போதே 1968 ஜூன் 1-ல் காலமானார். மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லைக்கு இப்பால் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர் நினைவு உரியதே.