சுவானா மொழிக்கு உழைத்த சால் பிளாட்யே

ஆப்பிரிக்கா என்றதும் சிங்கமும் யானையும்தான் உங்கள் ஞாபகத்துக்கு வரும். மொழி வராது. கேமரூன் தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரை ஏறத்தாழ 500 மொழிகள் ஒரே குடும்பமாக வழங்கி வருகின்றன. அவற்றைப் பாண்டு மொழிகள் என்பர். சூலு மொழியில் உமுண்டு என்றால் மனிதன்; அபண்டு என்றால் மனிதர்கள். நாம் சொல்லின் வாலில் ‘கள்’ சேர்க்கிறோம். அவர்களோ சொல்லின் தலையை மாற்றிவிடுகிறார்கள், பார்த்தீர்களா?

இக்குடும்பத்தில் ஒன்று சுவானா மொழி. அதற்காக உழைத்தவரே சால் பிளாட்யே. 1876 அக்டோபர் 9-ஆம் நாள் பிறந்தார். ப்னியல் என்ற ஊரின் மிஷன் நிலையத்தில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகள்தான். ஆனால் மனிதர் சும்மா இருந்தாரா? கிம்பர்லி நகரில் தந்திச் சேவகராக இருந்துகொண்டே மொழிகளைக் கற்றார். மாஃபெக்கிங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார்.

அவர் மணந்த எலிசபெத் அம்மையார் கோசா மொழி பேசுபவர். அதுவும் பாண்டு மொழிதான். ஆயினும் காதலித்த காலத்தில் இருவரும் ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதிக்கொண்டனர். தமிழும் தெலுங்கும் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரு வீட்டாரும் எதிர்த்தும் 1898-இல் திருமணம் நடந்தேறியது.

1913-இல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டையே ஒதுக்கியது. குடும்பங்கள் ஆடுமாடுகளோடு தெருவுக்கு வந்தன. பிளாட்யே சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அவர்களைப் பார்த்தார். வழியில் இறந்துபோன கைக்குழந்தையைப் புதைக்கச் சொந்தமாக ஓரடி மண்கூட இல்லாமல், இரவில் களவாகப் புதைத்துச் சென்ற ஒரு குடும்பத்தின் துயரத்தைத் தம் நூலில் எழுதி வைத்தார். படித்தால் நெஞ்சு அடைத்துப்போகும். 1914-இல் நீதி கேட்டு லண்டன் சென்ற தூதுக்குழுவில் அவரும் ஒருவர். பலன் கிட்டவில்லை.

மற்றவர்கள் ஊர் திரும்பினர். இவர் அங்கேயே தங்கிவிட்டார். 1916-இல் 732 சுவானாப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். டேனியல் ஜோன்ஸ் என்ற ஒலியியல் அறிஞரோடு சேர்ந்து வாசகப் புத்தகமும் செய்தார். நம் ஊர்ச் சீனர் பேச்சைப் போலச் சுவானாவிலும் குரலின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். அந்த நுட்பத்தைப் பதிவு செய்யவே இந்த ஏற்பாடு.

நாடு திரும்பியபின் ஷேக்ஸ்பியரைச் சுவானாவில் பெயர்த்தார். 1930-இல் வந்த நாடகத்தின் பெயர் டிபோஷோ-போஷோ. பிழைமேல் பிழை என்று பொருள். நம் அடுக்குத்தொடர் மாதிரியே இல்லையா! அதே ஆண்டு ‘ம்ஹூடி’ என்ற ஆங்கில நாவலும் வந்தது. பணத்துக்குத்தான் ஓயாத அல்லல். புத்தகம் அச்சேற்ற உதவி கேட்டுப் பலரிடம் அலைந்தார்.

1932 ஜூன் 19-இல் நிமோனியாவால் காலமானபோது அவருக்கு வயது 55. அவர் பெயர்த்திருந்த ஜூலியஸ் சீசர் 1937-இல் அச்சாயிற்று. பிற நாடகங்களின் கையெழுத்துப் படிகள் காணாமல் போய்விட்டன.