கல்லும் கையும்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கொட்டகலைப் புகையிரத நிலையத்தில் இறங்கித் தேயிலைச் சரிவுகளின் ஊடே நடப்பவர் கண்ணுக்குப் பச்சையே முதலில் தெரியும். அந்தப் பச்சைக்கு அடியில் பாறை உண்டு. வீதி வெட்டுவதற்காகவோ வீடு கட்டுவதற்காகவோ மண்ணைச் சரித்த இடங்களில் அப்பாறை தன் முகத்தைக் காட்டும். மலைநாட்டுப் பாறைகள் பலவற்றில் மாதுளை முத்துப் போன்ற செந்நிற மணிகள் பதிந்து கிடக்கும். கார்னெற்று என்று புவிச்சரிதவியலார் அவற்றைக் குறிப்பர். பாடசாலைப் பிள்ளைகள் அவற்றைப் பெயர்த்தெடுத்து விளையாடுவதுமுண்டு.

ஒரே கல்லை இருவர் இருவிதமாகக் காண்பர். அதன் எடை என்ன, கடினம் என்ன, பக்கங்கள் எத்தனை என்று கேட்பான் ஒருவன். இதனைத் துளையிட்டுக் கோத்தால் எந்தக் கழுத்துக்குப் பொருந்தும் என்று எண்ணுவான் மற்றவன். முதல்வன் விஞ்ஞானி, இரண்டாமவன் கம்மியன். இவ்விரண்டு கண்களும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது. வாய்க்கப்பெற்றவர் ஒருவர் நம் நாட்டில் பிறந்தார். கல்லை அளக்கும் உத்தியோகத்தராக மலைநாட்டுக்கு வந்து, கல்லை அணியாக்கும் கையைக் கண்டு, தம் வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்டார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களே அப்பெரியார்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்தருக்கு அத்தை மக்கள். தாயார் எலிசபெத் ஆங்கில மாது. இத்தகைய குடியிற் பிறந்த குழந்தைக்குத் தந்தையின் மடி நீடிக்கவில்லை. 1879ஆம் ஆண்டு, இங்கிலாந்துக்குச் சென்ற மனைவியையும் மகனையும் சேர்வதற்குப் புறப்படவிருந்த வேளையில் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. தமிழ்த் தந்தையின் மகன் ஆங்கில மண்ணில் தாயின் அரவணைப்பிலேயே வளரலானான்.

கிளொஸ்டர்ஷையரிலுள்ள விக்கிளிப் கல்லூரியில் பயின்றபின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலையும் புவிச்சரிதவியலையும் கற்று 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அவர் மனம் பிறந்த நாட்டின் கற்களையே நாடியது. இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவ்வாண்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முந்திய ஆண்டில் மணம் செய்த எதெல் மேரி பாட்ரிட்ஜ் அம்மையாரும் உடன் வந்தார்.

மூன்றாண்டுக் காலம் இருவரும் நாட்டின் உட்பகுதிகளிற் சுற்றினர். சப்பிரகமுவையில் மாணிக்கம் அகழ்வோர் குழி தோண்டி, இல்லம் எனப்படும் பரற்படுகையை அடைந்து, அதனைக் கூடையிலிட்டு நீரில் அலசுவர். இலேசான மண் நீரோடு போகக் கனமான கற்கள் அடியில் தங்கும். நீலமும் புட்பராகமும் வைடூரியமும் இவ்வாறே கிடைக்கின்றன. அந்தக் கூடைகளின் அடியில், அகழ்வோர் வீணென்று ஒதுக்கும் கருநிறக் கற்களும் எஞ்சுவதுண்டு. அத்தகைய கனமான, கனசதுர வடிவப் பளிங்கொன்று, தோரியம் மிகுந்த புதிய கனிப்பொருளென 1904இல் அறியப்பட்டது. தோரியனைற்று என்று பெயர் பெற்ற அக்கனிப்பொருளின் வரலாற்றில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் நிலைத்துவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமளித்துப் பெருமைப்படுத்தியது. இப்பாதையிலேயே சென்றிருந்தால் உலகம் போற்றும் கனிப்பொருளறிஞராக அவர் விளங்கியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஆனால், பாறையைத் தேடிச் சென்ற கிராமங்களில் மனிதரைக் கண்டார். கண்டி நாட்டில் அரசர் காலத்துக் கம்மியரின் வழித்தோன்றல்கள் அங்கங்கே எஞ்சியிருந்தனர். அரசனுக்கென்றே பணிபுரிந்த நான்கு பட்டறைகளைப் பட்டல் ஹதர என்பர். அவற்றுள் ஒன்று ஆபரணப் பட்டறை. அங்குள்ளோர் சம்பளத்துக்கு உழைத்தவரல்லர். பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தவர். 1815இல் கண்டியரசு வீழ்ந்தது. ஆதரித்த அரசவை மறைந்தது. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் மலைகளை மூடின. கப்பலில் வந்திறங்கிய இயந்திரப் பொருள்கள் சந்தையை நிரப்பின. நெய்தவன் கைத்தறியை விட்டான். பொன் செய்தவன் பிறநாட்டு நகைப் புத்தகத்தைப் பார்த்து அச்சாக்கத் தொடங்கினான். நூறாண்டுக்குள் நிகழ்ந்த இவ்வீழ்ச்சியைக் குமாரசுவாமி கண்ணாரக் கண்டார். நிலத்தின் செல்வத்தைக் கணக்கிட வந்தவருக்கு, நிலத்தின் மேல் அழிந்துகொண்டிருந்த செல்வமே பெரிதாகத் தோன்றியது.

ஆபரணங்களை அவர் நோக்கிய முறை தனித்துவமானது. ஐரோப்பிய வழக்கில் கல்லைப் பல முகங்களாகப் பட்டை தீட்டுவர். ஒளி சிதறி மின்னும். பார்ப்பவர் அக்கல்லின் விலையை மனத்துள் மதிப்பிடுவர். நம் நாட்டுப் பழைய கம்மியரோ கல்லை உருட்டி மெருகேற்றுவதோடு அமைந்தனர். அங்கே ஒளி சிதறுவதில்லை. நிறம் ஆழ்ந்து தங்கும். ஒரு பெருங்கல்லைத் தனியே எடுத்துக் காட்டுவதைவிட, பல சிறுகற்களை நிறத்துக்காகச் சேர்த்து ஒரு கோலமாக்குவதே அவர்தம் நோக்கம். அங்கே குறையுள்ள கல்லுக்கும் இடமுண்டு. வெறும் பளிங்குக்கும் இடமுண்டு. கல்லின் விலையைக் கம்மியனின் கருத்து ஆண்டது. கனிப்பொருளைத் தராசிலிட்டு நிறுத்தவரே, அணியின் மதிப்பு தராசில் இல்லை என்று கண்டமைதான் இவ்வாழ்க்கையின் திருப்புமுனை.

கண்டதைச் சொல்லாதிருக்க அவரால் இயலவில்லை. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழங் கட்டடங்களையும் கலைகளையும் பேணுமாறு வேண்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். பிறர் நடையுடையைக் கண்மூடிப் பின்பற்றும் கற்றோரை இடித்துரைத்தார். இங்கிலாந்தில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர் இவ்வாறு உரைத்தது பலருக்கு வியப்பாயிருந்தது. வெளியே நின்று வந்தவருக்கே வீட்டின் அருமை தெரிந்தது போலும்.

1907இல் இங்கிலாந்து திரும்பிய குமாரசுவாமி தம்பதியர் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் குடிபுகுந்தனர். அதனைப் புதுக்கிக் கொடுத்தவர் சி. ஆர். ஆஷ்பீ. இவர் 1888இல் இலண்டனில் ஒரு கைவினைச் சங்கத்தை அமைத்து, 1902இல் அயலிலுள்ள சிப்பிங் கம்டனுக்கு அதனைக் கொண்டுவந்தவர். வெள்ளியும் சந்திரகாந்தக் கல்லும் செவ்வந்திக் கல்லும் கொண்டு அச்சங்கத்தார் கையாற் செய்த அணிகள் புகழ்பெற்றவை. எதெல் அம்மையாரின் சகோதரர் பிரெட் பாட்ரிட்ஜும் அங்கே அணி செய்தவரே. விலையுயர்ந்த வைரத்தை ஒதுக்கி, எளிய கற்களின் நிறத்தைக் கொண்டு அழகு சமைத்த அவர்கள் கொள்கையும், கண்டிக் கம்மியரிடம் குமாரசுவாமி கண்ட நெறியும் ஒன்றையொன்று தழுவின. கடல் கடந்த இரு பட்டறைகள் ஒரே மனத்தில் சந்தித்தன.

வில்லியம் மொரிஸ் என்னும் பெருங்கலைஞர் தம் நூல்களை அச்சிட்ட கையச்சு இயந்திரம் அக்காலத்தில் ஆஷ்பீயிடம் இருந்தது. அதிலேயே குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் அச்சாகி 1908இல் நிறைவெய்தியது. 425 பிரதிகளே அச்சிடப்பெற்றன. படங்கள் பலவற்றை எதெல் அம்மையார் எடுத்திருந்தார். கையால் ஆகிய கலையைப் பற்றிய நூல் கையாலேயே ஆயிற்று. ஆனால் அதே 1908இல் ஆஷ்பீயின் சங்கம் பொருளிழந்து கலைந்தது. மலிவான இயந்திரப் போலிகளோடு அதனால் போட்டியிட இயலவில்லை. கண்டியில் நூறாண்டில் நிகழ்ந்ததைக் குமாரசுவாமி தம் வீட்டு வாசலிலேயே மீண்டும் கண்டார். கைத்தொழிலின் துயர் கீழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த ஆண்டு உணர்த்திவிட்டது.

இங்கே நாம் ஒன்று கேட்டாக வேண்டும். தந்தை தொழிலை மகன் செய்யும் பழைய அமைப்பை அவர் பெரிதும் போற்றினார். அங்கே வேலையும் வழிபாடும் ஒன்றாயிருந்தன என்றார். அது உண்மையின் ஒரு பாதி. தொழிலைப் பிறப்போடு பிணைத்த சாதிக் கட்டு மறு பாதி. தாய் கிள்ளிய கொழுந்தை மகளும் கிள்ள வேண்டும் என்ற விதியின் பாரத்தைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். பிரட்டுக் களத்தில் நின்ற தலைமுறைகளுக்குப் பரம்பரைத் தொழில் என்பது பெருமையாக இருந்ததில்லை. ஆதலால் குமாரசுவாமியைக் கற்கும் மாணவர் இதனைப் பிரித்தறிதல் வேண்டும். வேலை செய்பவனின் கருத்தும் கையும் ஒன்றுபட வேண்டும் என்ற அவர் கொள்கை எக்காலத்துக்கும் உரியது. அதற்குப் பிறப்பின் தளை வேண்டுவதில்லை. இயந்திரத்தைப் பார்க்கிலும், மனிதனை இயந்திரமாக்கும் உழைப்பையே அவர் பகைத்தார் என்று கொண்டால், அவர் குரல் லயத்து அறைகளுக்கும் உரிய குரலாகும்.

பின்னைய வரலாறு உலகறிந்தது. இந்தியாவெங்கும் சுற்றி ஓவியங்களும் சிற்பங்களும் சேர்த்தார். அவற்றைக் கொண்டு காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமைக்க விரும்பினார். அந்த எண்ணம் கைகூடவில்லை. 1917இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலைக் கூடத்தைச் சேர, அதன் காப்பாளராக அவரும் சென்றார். மறுவருடம் வெளிவந்த சிவ நடனம் என்ற நூல் தில்லைக் கூத்தனின் தத்துவத்தை மேனாட்டார்க்கு உணர்த்தியது. இறுதிவரை அவர் பணி பொஸ்டனிலேயே நிகழ்ந்தது.

எனினும் இளமையில் மலைநாட்டில் எழுந்த கேள்வி அவரை விடவில்லை. அணி எதற்காக? 1939இல் அணிகலம் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு விடை கண்டார். அலங்காரம் என்ற வடசொல்லின் முற்பகுதியான அலம், போதும், நிறைந்தது என்னும் பொருள் தருவது. ஆகவே அலங்கரித்தல் என்பது ஒன்றைப் போதியதாக, முழுமையுடையதாக ஆக்குதலே. மேற்பூச்சு என்ற பொருள் பிற்காலத்தது. இதனைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு நம் சொல்லொன்று நினைவுக்கு வராமற் போகாது. கழுத்தில் பூணுவதும் அணி. செய்யுளில் உவமை முதலாயினவும் அணி. ஒழுங்குபட நிற்கும் வரிசையும் அணி. மணிகளை வரிசைப்படுத்தினால் அணி பிறக்கிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விரிப்பதும், அக்காப்பியத்தின் நீதி ஒரு சிலம்பின் உள்ளிருந்த பரலால் வெளிப்படுவதும் தற்செயலல்ல. அணி, அணிந்தவரின் உண்மையைத் தாங்கி நிற்பது.

1947 செப்டெம்பர் 9ஆம் நாள், இந்தியா விடுதலையடைந்த சின்னாட்களில், பொஸ்டனுக்கு அருகிலுள்ள நீடம் என்ற ஊரில் அவர் மறைந்தார். எழுபது வயது நிறைந்து மூன்று வாரமும் ஆகவில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியா சென்று வாழும் ஆசை நிறைவேறவில்லை.

இனி, கொட்டகலைக்குத் திரும்புவோம். மாலை வேளையில் ஒரு மாணவி, பாட்டியின் அறுந்துபோன மாலையிலிருந்து எடுத்த கண்ணாடிப் பளிங்குகளைச் சுளகில் பரப்பி வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். அவை மாணிக்கமல்ல, கடையில் கேட்டால் சில ரூபாய் பெறலாம். பொகீமியாவிற் பிறந்த தானியேல் சுவரோவ்ஸ்கி கண்ணாடி தீட்டும் இயந்திரத்துக்கு 1892இல் காப்புரிமை பெற்று, 1895இல் ஒஸ்திரியாவின் வத்தன்ஸ் ஊரில் தொழிற்சாலை நிறுவினார். அன்று முதல் உலகெங்கும் பரவிய இயந்திரப் பளிங்குகளில் பழையவற்றை இன்று கைவினையாளர் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். ஒருகாலத்தில் கையின் பகையாக வந்த பொருள் இன்று கையையே நாடி நிற்கிறது.

மாணவி பெரிய மணியை நடுவில் வைக்கிறாள். இருபுறமும் அளவு குறைந்து செல்லுமாறு மற்றவற்றை அடுக்குகிறாள். ஒன்றோடொன்று உரசாதிருக்க இடையிடையே முடிச்சிடுகிறாள். மின்னும் கல்லுக்குப் பக்கத்தில் மங்கிய மணியொன்று வேண்டும் என்பதைக் கண் சொல்கிறது, கை கேட்கிறது. ஒரு மணி பொருந்தவில்லை. நூலை உருவி மறுபடி தொடங்குகிறாள். அந்த நேரத்தில் அவள் எவருடைய ஏவலுக்கும் உட்பட்டவளல்லள். கருத்தும் கையும் ஒன்றான அந்த நிலையைத்தான் குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுதும் தேடினார்.

கைப்பணிப் பாடத்தை நேரம் போக்கும் பாடமென்று கருதும் ஆசிரியர் எவரேனும் இருப்பின், பரீட்சைக்கு உதவாதது பயனற்றது என்று எண்ணும் பெற்றோர் இருப்பின், கல்லைக் கற்றுக் கையைப் போற்றிய இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக. மாலை முடிந்ததும் அதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன், அதைச் செய்தவள் யாராக ஆனாள் என்று கேட்பாராக. கலாயோகிக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.