விஷம் கொடுத்தா செடிக்குள்ள என்ன நடக்கும்? ஜெகதீஷ் சந்திர போஸ் கண்டுபிடிச்ச கதை

தளவாய்புரம் பக்கம் வரப்புல கிளைஃபோசேட் களைக்கொல்லி அடிச்சிட்டு மறுநாள் போய்ப் பாருங்க. புல் பச்சையாத்தான் நிற்கும். ஆனா உள்ளுக்குள் சாவு தொடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்தவர், ஜெகதீஷ் சந்திர போஸ்.

யார் இவர்?

1858-ல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஆங்கிலேயர்களைவிடச் சம்பளம் குறைவு. அதை எதிர்த்து மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுப் பாக்கியையும் கொடுத்தது.

விஷப் பரிசோதனை

ரேடியோ அலை ஆய்வில் பெயர் வாங்கியவர், 1900 வாக்கில் செடிகள் பக்கம் திரும்பினார். இலைக்காம்பை லேசாக முறுக்கினால் அதில் சின்ன மின் துடிப்பு வந்தது. குளோரோஃபார்ம் கொடுத்தால் துடிப்பு மங்கியது. விஷம் கொடுத்தால் அடங்கியே போனது.

1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விளக்கினார். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று உடலியல் நிபுணர்கள் எதிர்க்க, கட்டுரை அச்சேறவில்லை. போஸ் விடவில்லை. 1902-ல் புத்தகமாகவே போட்டார். 1917-ல் கல்கத்தாவில் சொந்தமாக ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937-ல் காலமானார்.

செடிக்கு நரம்பு மண்டலம் உண்டு என்ற அவர் கருத்தை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனா மின் துடிப்பு நிஜம்.

விஷம் எங்கே அடிக்குது?

இதற்கான விடை பின்னால்தான் தெளிவானது. செடியும் நம்மைப் போலவே சுவாசித்துத்தான் ஏடிபி என்ற ஆற்றலைத் தயாரிக்குது. சயனைடு அந்தச் சுவாசத்தின் கடைசிப் படியை அடைத்துவிடும். செடிகளிடம் ஒரு மாற்றுப் பாதை இருக்கு. அதனால் மூச்சு கொஞ்சம் ஓடும்; ஆனா ஏடிபி ரொம்பக் குறைவாத்தான் கிடைக்கும். ஆற்றல் இல்லாம வேர் நைட்ரேட்டை உறிஞ்ச முடியாது. அதை அமினோ அமிலமாக, புரதமாக மாற்றவும் முடியாது.

சில களைக்கொல்லிகள் நேராக நைட்ரஜன் பக்கமே கை வைக்கும். குளுஃபோசினேட், அமோனியாவை குளுட்டமைனாக்கும் நொதியை முடக்கும். அமோனியா தேங்கி, ஒளிச்சேர்க்கையும் நின்றுபோகும். கிளைஃபோசேட், சில அமினோ அமிலங்களின் தயாரிப்பையே நிறுத்தும். அது காய்ந்து தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம்.

அதனால, பச்சையா இருக்கேன்னு மறுநாளே இன்னொரு டேங்க் அடிச்சிடாதீங்க. மருந்து வேலை செய்யுதான்னு இலையின் நிறம் உடனே சொல்லாது. போஸ் 120 வருஷத்துக்கு முன்னாடியே காட்டினதும் அதைத்தான்.